மூன்று கண்ணாடியிலும் அவர் வண்டி

என் அக்கா புருஷனுக்கு இந்த உலகத்தில் யார் மீதும் நம்பிக்கை கிடையாது. அதற்காக நான் கோபித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவர் தன்னையே நம்பமாட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார். நின்று யோசிப்பார். திரும்பி வந்து பூட்டைப் பிடித்துத் தொங்குவார். "நீங்கதானே அத்தான் பூட்டினீங்க?" என்று கேட்டால், "அதனாலதான் வந்தேன்" என்பார்.

வாடகைக் கார் ஓட்டுகிறார். சொந்த வண்டி, வெள்ளை நிறம். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கார் ஸ்டாண்டில் அவருக்கு சிஐடி என்று பெயர். முகத்துக்கு நேராகவே 'சிஐடி அண்ணே' என்று கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார், இவன் எதற்குக் கூப்பிடுகிறான் என்கிற யோசனையோடு. யாராவது டீ வாங்கிக் கொடுத்தால், குடித்து முடிக்கும் வரை கொடுத்தவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். நம்மிடம் இவனுக்கு என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்குக் கார் சாமான் கடை. சீட் கவர், மிதியடி, ஹாரன், வைப்பர், பக்கக் கண்ணாடி எல்லாம் வைத்திருக்கிறேன். அத்தான் என்னிடம்தான் வாங்குவார். வாங்கியதை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய், இது புதுசா பழசா என்று கேட்டுவிட்டு வருவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "மச்சினன் கடையிலயே சந்தேகமா?" என்றேன். "மச்சினன் கடைங்கறதாலதான் ஒரே ஒரு கடையில கேட்டேன்" என்றார்.

பிறவியிலேயே இப்படியா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். பாதி பிறவி, மீதி அந்த மருத்துவமனை வாசல் என்பாள். வண்டி வாங்கிய புதிதில், ஒரு நோயாளியை இறக்கிவிட்டு மருத்துவமனைக்கு வெளியே காத்திருந்திருக்கிறார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் எவனோ சாவியால் முன் கதவிலிருந்து பின் கதவு வரை ஒரு கோடு இழுத்துவிட்டான். காவலாளியை விசாரித்தார். பழம் விற்பவரை விசாரித்தார். உள்ளே குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்த நோயாளியைக்கூட விடவில்லை. ஆள் அகப்படவில்லை. கோட்டை மறுநாளே பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார். மனசில் விழுந்த கோடு மட்டும் போகவில்லை.

அன்றிலிருந்துதான் கண்ணாடி விவகாரம். காரில் மூன்று கண்ணாடி உண்டு. உள்ளே ஒன்று, வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பின்னாலும் பக்கத்திலும் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்காக வைத்தது. அத்தான் வெளிக் கண்ணாடி இரண்டையும் உள்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். அதில் அவருடைய கதவுகளும் கைப்பிடிகளும்தான் பெரிதாகத் தெரியும், சாலை ஓரத்தில் ஒரு கீற்று. உள் கண்ணாடியைக் கீழே சாய்த்து, பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் கைகள் தெரிகிற மாதிரி வைத்தார். சீட்டைக் கிழிக்கிறார்களா, எதையாவது பிய்க்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். ஆக, மூன்று கண்ணாடியிலும் அவர் வண்டிதான்.

"அத்தான், கண்ணாடி ரோட்டப் பாக்கறதுக்கு" என்று நான் தலையால் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

"ரோட்ட எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?" என்பார்.

அவர் மகனுக்குக் கல்யாணம் ஆன பிறகு நிலைமை மோசமானது. வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி வந்துவிட்டாள் அல்லவா? பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே, "ரொம்ப நல்ல பொண்ணா இருக்காளே, என்ன விஷயம்?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட மனிதர். அந்தப் பெண் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். நீல நிற ஸ்கூட்டரில் போய் வருவாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் நேராகப் பேசுவாள். கொஞ்சம் தாமதமாக வந்தால் வாசலிலேயே விசாரணை தொடங்கிவிடும். "ரோடு காலியாத்தான இருந்துச்சு? நானும் அந்தப் பக்கம்தான் வந்தேன்." போன் வந்தால் யார் என்று கேட்பார். மெதுவாகப் பேசினால் ஏன் மெதுவாகப் பேசுகிறாள் என்பார். சத்தமாகப் பேசினால், எதையோ மறைக்கத்தான் இப்படிச் சத்தமாகப் பேசுகிறாள் என்பார்.

மகன் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். வாயில்லாப் பூச்சி. ஆனால் அவனும் எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான்? தனியாக வீடு பார்க்கத் தொடங்கிவிட்டான். அக்கா ஒருநாள் கடைக்கு வந்து, சீட் கவர் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள்.

"இந்த மனுஷன் இப்படியே இருந்தா அவங்க ரெண்டு பேரும் போயிடுவாங்கடா. நானும் இவரும் அந்த வீட்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். இவரு என்னைத்தான் சந்தேகப்படுவாரு. வேற ஆள் ஏது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் ஒரே மாலையில் இரண்டு சங்கதிகள் நடந்தன. அத்தான் வண்டியின் பின் பம்பரில், இடது மூலையில், விரல் நீளத்துக்கு ஒரு நீலக் கோடு. மருமகள் கை முட்டியில் கட்டு.

கோட்டைப் பற்றி ஸ்டாண்டே அல்லோலகல்லோலப்பட்டது. நீல நிறத்தில் எதை வைத்திருப்பவரையும் அத்தான் விடவில்லை. தண்ணீர் கேன் வண்டிக்காரர், நீலப் பெட்டியில் செருப்பு தைக்கும் சாமான் வைத்திருப்பவர், என் கடையில் நீலத் தகர நாற்காலி போட்டிருக்கும் நான், எல்லாரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "நிறுத்தி வச்சிருந்தப்பதான் எவனோ செஞ்சிருக்கான். ஓடுற வண்டியில எப்படிக் கோடு விழும்? நான்தான் கண்ணாடியில பாத்துக்கிட்டே வரேனே" என்று சத்தியம் செய்தார்.

கட்டைப் பற்றி வீட்டில் விசாரணை. வேலை செய்யும் இடத்தில் படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள் மருமகள். ஸ்கூட்டரைக் காணோமே என்றதற்கு, ஸ்டார்ட் ஆகவில்லை, மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன் என்றாள். அத்தான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் நேராக அந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

"ரோட்டு மட்டத்துல இருக்குடா அந்த எடம். உள்ள போனாலும் சமதளம். எந்தப் படியில விழுந்தா? பொய் சொல்றா. எங்கயோ போயிருக்கா, எதுவோ நடந்திருக்கு."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது ஒரு மாதிரிதான் இருந்தது. அந்த வாரமே, கட்டுப் போட்ட கையோடு மருமகள் என் கடைக்கு வந்தாள். ஸ்கூட்டருக்கு ஒரு கண்ணாடி வாங்கினாள். பழையது உடைந்துவிட்டதாம். பிறகு சும்மா கேட்கிற மாதிரி, "சின்ன மாமா, காருல கண்ணாடி எப்படி வச்சா பக்கத்துல வரவங்க நல்லா தெரிவாங்க?" என்று கேட்டாள்.

தொழில் சம்பந்தமாக யாராவது கேட்டால் நான் வாயை மூட மாட்டேன். வாசலில் நின்ற காரிலேயே காட்டினேன். "எல்லாரும் கண்ணாடியில தன் வண்டி தெரியணும்னு வைக்கறாங்க. அதுதான் தப்பு. தலைய வலது ஜன்னல் கண்ணாடியில ஒட்டற மாதிரி சாய்ச்சுக்கோ. அங்கேருந்து பாத்தா வண்டியோட ஓரம் லேசாத் தெரியற அளவுக்கு வலது கண்ணாடிய வெளிய தள்ளு. அப்புறம் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தலைய வச்சு, இடது கண்ணாடிய அதே மாதிரி தள்ளு. உள் கண்ணாடியில பின்பக்கக் கண்ணாடி முழுசாத் தெரியணும். இப்ப நிமிந்து உக்காந்தா உன் வண்டி தெரியாது. பக்கத்துல வரவன் தெரிவான்." அவள் இரண்டு தடவை செய்து பார்த்தாள். இதைக் கேட்டுக்கொண்டு போனதும் எனக்குள் மணி அடித்தது. இவள் எதற்குக் கார் கண்ணாடியைப் பற்றிக் கேட்கிறாள்? சொந்தமாகக் கார் வாங்கி, தனிக்குடித்தனம் போகப் போகிறார்களோ? அத்தானோடு பழகிப் பழகி என் புத்தியும் அப்படி ஆகிவிட்டது. அக்காவிடம் வேறு சொல்லித் தொலைத்தேன். அவள் அன்று இரவு சாப்பிடவில்லையாம்.

பிறகு கண்ணாடி திரும்பத் தொடங்கியது. காலையில் அத்தான் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் மூன்றும் இடம் மாறியிருக்கும். வெளிக் கண்ணாடிகளில் அவர் கதவுகளைக் காணோம். எதிர்வீட்டுச் சுவரும் தெருவும் தெரிந்தன. திட்டிக்கொண்டே பழையபடி வைப்பார். மறுநாள் காலை மறுபடி மாறியிருக்கும். யாரோ திருட்டுத்தனமாக வண்டியை எடுத்து ஓட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, ஓடிய கிலோமீட்டரைப் பார்த்தார். ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

"வெளிக் கண்ணாடிய எவன் வேணா தள்ளலாம். உள்ள இருக்கறத எப்படித் திருப்புவான்? சாவி சமையலறை ஆணியில தொங்குது. அப்போ?" என்று என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வீட்டு ஆளுதான்டா."

சொல்லிவிட்டு என் கடையிலிருந்தே ஒரு டப்பா கிரீஸ் எடுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன். "உன்கிட்ட சொன்னா அவங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்றார்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். "உடனே வா. வீடு ரெண்டா உடையுது." கடையைத் திறக்காமலேயே ஓடினேன்.

மூன்று கண்ணாடிகளின் அடிவிளிம்பிலும் கிரீஸ் தடவி வைத்திருக்கிறார். காலையில் பார்த்தால் கண்ணாடிகள் திரும்பியிருந்தன. சமையலறையில் சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுவரில், கறுப்பாக ஒரு விரல் பதிந்திருந்தது. கூடத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்திருந்தார். அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இது என்ன கறுப்பு?"

"கத்திரிக்காய் நறுக்குன கறை. வேணும்னா மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே மோந்து பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் கையக் காட்டு" என்றார். இப்போதுதான் உள்ளே வருகிறேன் என்று நான் சொல்லவும், குளியலறையிலிருந்து மருமகள் வரவும் சரியாக இருந்தது. சோப்புப் போட்டும் போகாத விரல்களை அவளே நீட்டினாள்.

"நான்தான் மாமா."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. பிடிபடுகிறவர்கள் 'நான் இல்லை' என்றுதான் சொல்வார்கள், அவருக்குத் தெரிந்த வரையில். கொஞ்சம் தடுமாறிவிட்டு விசாரணையைப் பிடித்துக்கொண்டார். "யார் சொல்லிச் செஞ்ச? எதுக்கு? லேபுல படியே இல்ல, நான் போய்ப் பாத்துட்டேன். எங்க விழுந்த? யாரோட போன?"

அந்தக் கடைசிக் கேள்வியில் மகன் வெடித்துவிட்டான். வாயில்லாப் பூச்சிக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "போதும்ப்பா! பெட்டியக் கட்டு, இன்னிக்கே கெளம்பலாம்" என்றான் பெண்டாட்டியிடம். அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

மருமகள் பெட்டி எடுக்கப் போகவில்லை. ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்து மாமனாரிடம் நீட்டினாள். "வாங்க மாமா. வண்டிய வெளிய எடுங்க" என்றாள்.

ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வண்டியைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். "கண்ணாடிய நீங்க எப்பவும் வைக்கற மாதிரி வைங்க" என்றாள். வைத்தார். அவள் போய், மெக்கானிக்கிடமிருந்து வந்து சாக்கு மூடிக் கிடந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காருக்கு இடப்புறம், பின் கதவுக்கு நேராக, இரண்டு கை நீளம் தள்ளி நின்றாள்.

"இப்ப நான் எங்க நிக்கறேன், கண்ணாடியில பாத்துச் சொல்லுங்க."

அத்தான் இடது கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு கதவுகள், இரண்டு கைப்பிடிகள், ஒரு தூசிகூட இல்லாத வெள்ளை. உள் கண்ணாடியைப் பார்த்தார். காலியான பின் சீட்டு.

"தெரியலையே. எங்க இருக்க?"

"அன்னிக்கும் இங்கதான் மாமா இருந்தேன்."

அவளே சொன்னாள். மேம்பாலம் இறங்குகிற இடம். அவர் வண்டி என்று தெரிந்து பக்கத்தில் வந்துகொண்டிருந்திருக்கிறாள். ஓரத்தில் ஒருவர் பெட்டியோடு நின்று கை காட்டியிருக்கிறார். அத்தான் சட்டென்று இடதுபக்கம் ஒடித்தார். அவள் பிரேக் பிடித்தாள். முன் மட்கார்டு பம்பர் மூலையில் உரசி, மண்ணில் போய் விழுந்தாள். எழுந்து பார்த்தபோது பெட்டிக்காரரை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது.

சாக்கை எடுத்த ஸ்கூட்டரின் நீல மட்கார்டில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அத்தான் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். பம்பர் மூலையைப் பார்த்தார். மறுபடி மட்கார்டைப் பார்த்தார். இரண்டும் ஒரே உயரம். விரலால் அளக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் அளந்தார்.

"அந்தப் பெட்டிக்காரன்" என்றார் மெதுவாக. "பெட்டிய இறுக்கிக் கட்டிப் புடிச்சிருந்தான். என்ன வச்சிருக்கானோன்னு வழியெல்லாம் அவன் கையையே பாத்துட்டு வந்தேன்." "ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா, நீ ஏன் என் வண்டி பக்கத்துல வந்தன்னு கேட்டிருப்பீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

"கேட்டிருப்பேன்" என்றார் அத்தான்.

"அதான் கண்ணாடிய மட்டும் திருப்பி வச்சேன். நான் விழுந்தேன், எழுந்து வந்துட்டேன். நாளைக்கு வேற யாராவது விழுந்து எந்திரிக்காமப் போயிட்டா? அப்பவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

மகன் இதையெல்லாம் இப்போதுதான் கேட்கிறான். அவன் முகம் சிவந்துவிட்டது. "இதுக்கு மேலயும் இங்க இருக்கணுமா? வா" என்று அவள் கையைப் பிடித்தான். அத்தான் நிமிர்ந்தார். அப்போதும் பாருங்கள், பழக்கம் விடவில்லை. "போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்க இல்ல? இதச் சாக்கா வச்சு..." என்று தொடங்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே உலுக்கியிருப்பேன்.

மருமகள் புருஷன் கையை விலக்கிவிட்டு அவருக்கு நேராக வந்து நின்றாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"மாமா, நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நீங்க என்கிட்ட ஆயிரம் கேள்வி கேட்டிருக்கீங்க. சந்தேகம் இல்லாம ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நாங்க எங்கயும் போகல."

அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். ஒவ்வொரு கேள்வியாக நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போவது எங்களுக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்ட மனிதரிடம் இப்போது ஒன்றுகூட இல்லை. மகன் பெருமூச்சு விட்டு வீட்டுப் பக்கம் திரும்பினான். அத்தானின் பார்வை அலைந்து அலைந்து அவள் முட்டியில் இருந்த கட்டின் மேல் வந்து நின்றது.

"வலிக்குதாம்மா?" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தெருவில் நின்று அழுதாள். மகன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அக்கா போய் அவளைக் கட்டிக்கொண்டு, கட்டின் மேல் கை பட்டுவிடாமல் உள்ளே அழைத்துப் போனாள். பெட்டி யாரும் கட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தான் கடைக்கு வந்தார். அவளிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது, நீ காட்டு என்றார். தலையை ஜன்னலில் சாய்க்கச் சொல்லி, கண்ணாடிகளை வெளியே தள்ளச் சொல்லிக் கொடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்ததும் பதறிவிட்டார்.

"டேய், என் வண்டியக் காணோமே!"

"அதுலதானே அத்தான் உக்காந்திருக்கீங்க?"

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு லாரி உள் கண்ணாடியில் வந்தது, அதிலிருந்து மறையும்போதே வலது கண்ணாடியில் முளைத்தது, அதிலிருந்து நழுவும்போது ஜன்னலிலேயே நேராகத் தெரிந்தது. நடுவில் ஓரிடத்திலும் காணாமல் போகவில்லை. பிறகு ஒரு சைக்கிள், அதன் பின்னால் இரண்டு ஸ்கூட்டர்கள். அத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு பேரா நம்ம பக்கத்துல வராங்க?" என்றார்.

அவர் மாறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். என் வைப்பரை எதிர்க்கடையில் காட்டுவது இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் பம்பரில் உள்ள நீலக் கோட்டுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. நிறம் கலந்து தருகிறேன் என்று நானே சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார். போன வாரம் ஸ்டாண்டில் தண்ணீர் கேன் வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கிண்டலாகக் கேட்டார்.

"என்ன சிஐடி அண்ணே, கோடு போட்ட ஆளப் புடிச்சீங்களா இல்லையா?"

"புடிச்சுட்டேன்."

"அட! யாரு?"

அத்தான் டீயைக் கீழே வைத்தார்.

"நான்தான்" என்றார்.